கூட்டப்பொருளை முன்கூட்டியே ஒட்டுங்கள்

ஐயா,
மாநகராட்சி மாமன்றக் கூட்டங்களில் விவாதமின்றித் தீர்மானங்கள் நிறைவேறுவது பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். கவுன்சிலர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மாமன்றத்துக்கு என்ன வருகிறது என்பதே வார்டு மக்களுக்கு முன்னதாகத் தெரிவதில்லை. தெரியாத விஷயத்தில் கவுன்சிலரிடம் எதைக் கேட்பது? 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் கட்டாயம் என்கிறது அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம். தமிழகத்தில் 2022 நவம்பர் 1 முதல், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைகளும் கூடுகின்றன. ஆனால் அங்கே பேசப்படுவது மாமன்ற மேசையைச் சென்றடையும் வழி இன்னும் தெளிவாகவில்லை.

ஒருமுறை எங்கள் ஊர் மாமன்றத்தில் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தேன். பொருள் எண் மட்டும் வாசிக்கப்பட்டது, மேசை தட்டும் ஓசை, அடுத்த எண். எங்கள் தெருவின் மழைநீர் வடிகால் பணி அப்படித்தான் கடந்துபோனது. அது எங்கள் தெரு என்பதையே வீடு திரும்பிய பிறகுதான் அறிந்தேன்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே, தெருப் பெயர், மதிப்பீட்டுத் தொகையுடன் கூட்டப்பொருளை ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். பகுதி சபைக் கோரிக்கைகளை மாமன்றத்தின் முதல் பொருளாக எடுத்துக்கொள்ள நகராட்சி நிர்வாகத் துறை ஆணையிட வேண்டும்.

- சொத்து வரி செலுத்தும் வாசகர்