லென்ஸ் வைத்தால் முடிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'கண்புரை வந்த குழந்தைக்கு உடனே ஆபரேஷன் செய்யாதது பெற்றோரின் அலட்சியம்' என்று ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். எழுதியவர் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடம் வந்து என் மகளைப் பார்த்திருந்தால் அப்படி எழுத மனம் வந்திருக்காது.

அவளுக்கு முதலில் வீங்கியது முழங்கால். எங்கேயாவது விழுந்திருப்பாள், எண்ணெய் தேயுங்கள் என்றார்கள். ஆனால் அது குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம். அது கண்ணுக்குள்ளும் அழற்சியை உண்டாக்கும். பெரும்பாலும் கண் சிவக்காது, வலிக்காது. கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால்தான் தெரியும். அந்த அழற்சியாலும் புரை வரும், அதை அடக்க விடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தாலும் வரும். என் மகளுக்கு இரண்டும் சேர்ந்துகொண்டன.

இந்தக் கண்ணில் உடனே கை வைக்கக் கூடாது, அழற்சி மூன்று மாதமாவது அடங்கியிருக்க வேண்டும் என்றார் மதுரை டாக்டர். அதற்காக வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் என்ற, அழற்சியை அடக்கும் மருந்து. அதைப் போட்ட அன்று குமட்டிக்கொண்டு சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவாள். அவசரப்பட்டால் அழற்சி திரும்பக் கிளம்பும், லென்ஸ் மேல் சவ்வு படரும், கண் அழுத்தம் ஏறும். சில குழந்தைகளுக்கு லென்ஸே வைக்க மாட்டார்களாம். சரி, தள்ளிப்போடலாம் என்றால், பார்த்துப் பழகாத கண் சோம்பிப்போகும். இரண்டுக்கும் பயந்து பயந்து காத்திருக்கிறோம். இதையா அலட்சியம் என்கிறீர்கள்?

இதே பக்கத்தில் முன்பு கண்ணுக்கு நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொன்னீர்கள். அந்தத் துணுக்கை வெட்டி வைத்துக்கொண்டு என் மாமியார் என்னோடு சண்டை போட்டார். பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை பிள்ளையோடு மண்டபம் போய்த்தான் ரயில் ஏறினோம். நீங்கள் பாலத்தின் படம் போட்டீர்கள், எங்களைப் பற்றி எழுதவில்லை. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விசைப்படகு கரையில் கிடக்கும். ஆனால் அந்த மெத்தோட்ரெக்சேட்டுக்காக எடுக்கும் ரத்தப் பரிசோதனையை நிறுத்த முடியாது. என் தோடு அதற்குத்தான் போனது. ராமநாதபுரத்தில் 2022இல் மருத்துவக் கல்லூரி திறந்ததைப் பெரிதாகப் போட்டீர்கள். பிள்ளைகளுக்கு அங்கே எதைப் பார்க்கலாம், எதற்கு மதுரை போக வேண்டும் என்று ஒரு வரி எழுதியதுண்டா?

தயவுசெய்து அந்த வாக்கியத்துக்குத் திருத்தம் போடுங்கள். கூடவே, மூட்டு வீங்கிய குழந்தைக்குக் கண் நன்றாகத் தெரிந்தாலும் டாக்டர் சொல்லும் இடைவெளியில், பல குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஸ்லிட் லேம்ப் பரிசோதனை வேண்டும் என்று ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், தங்கச்சிமடம்