எங்கள் தோட்டத்துக்கு ஓடி வந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊராருக்கும், ஏரிக்கரை இருளர் குடியிருப்பில் இருக்கும், பாம்பு பிடிக்கத் தெரிந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

இந்த ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்குள் கண்ணாடி விரியன் வந்தது. அம்மாவும் பிள்ளைகளும் ஒரு கீறல்கூட இல்லாமல் நடமாடுகிறார்கள் என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். நேரில் சொன்னபோது யாருமே நன்றியை வாங்கிக்கொள்ளவில்லை, "இதுக்கெல்லாமா" என்று கிளம்பிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி எதிர்வீட்டுச் சித்தப்பாவுக்கு. விறகு எடுக்கப் போன அம்மா போட்ட சத்தத்தில் பையன்கள் கம்போடு வந்துவிட்டார்கள். அவர்களைத் தடுத்து, "யாரும் அடிக்கப் போகாதீங்க, எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க" என்று சொன்னது அவர்தான். மழையில் நனைந்தபடி, பத்தடி தள்ளி நின்று, விறகு அடுக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் காவல் இருந்தார். கூட்டத்தில் சிலர் மலைப்பாம்புக் குட்டி என்றார்கள். பிடிக்கலாம் என்று எவராவது கையை நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே முடியவில்லை.

ஊராட்சியில் வேலை பார்க்கும் தம்பி பைக்கில் போய் அண்ணனையும் அக்காவையும் கூட்டி வந்தார். அண்ணன் விறகை ஒவ்வொன்றாக எடுத்தார், அவசரமே இல்லை. கடைசி வரிசையில் கை வைத்தபோது குக்கர் விசில் போல ஒரு சீற்றம். முதுகில் சங்கிலி கோத்தது போன்ற மூன்று வரிசைப் புள்ளிகளைக் காட்டி, "இது விரியன், மலைப்பாம்பு இல்ல" என்றார். ஒரு கம்பியும் துணிப்பையும்தான் அவரிடம் இருந்தன. பாம்பைப் பைக்குள் விட்டுக் கட்டி, வந்திருந்த வனத்துறை ஊழியர்களிடம் கொடுத்தார்.

வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அக்கா கிளம்பவில்லை. தோட்டம் முழுக்கக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். சுவரோரம் இருந்த எலி வளைகளில் ஒன்றைக் காட்டி, "வாயில சிலந்தி வலை கட்டியிருக்கு பாருங்க, இதுல எதுவும் போகல" என்றார். அடுத்த வளையில் வலை இல்லை, மண் வழவழப்பாக இருந்தது. அதைச் சிறு கடப்பாரையால் தோண்டிப் பார்த்து, எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் தண்ணீர் குடித்தார். எலி இருக்கும் இடத்துக்குத்தான் பாம்பு வரும். பூண்டு, பினாயில் எதுவும் அதை நிறுத்தாது என்பதையும் அவர்தான் சொன்னார். விறகை வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, கல்லின் மேல் அடுக்கியாயிற்று. கோழித்தீவனம் இப்போது மூடி போட்ட டிரம்மில் இருக்கிறது. குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கம்பிவலை அடித்துவிட்டோம்.

பாம்புக்கடிக்கு நம் ஆஸ்பத்திரிகளில் போடும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷம் பெருமளவு இருளர்கள் பிடிக்கும் பாம்புகளிடமிருந்துதான் வருகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்பு பிடிக்கும் இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதே அறிவோடு நம் ஏரிக்கரையில் இருப்பவர்களுக்கு நாம் உட்கார நாற்காலி போடுகிறோமா? இதை நம் ஊர் பேச வேண்டும்.

கிராம சுகாதார செவிலியர் அம்மாவுக்கும் நன்றி. மறுநாளே வந்து தெருப் பெண்களை உட்கார வைத்துப் பேசினார். கடித்த இடத்தைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். கட்டுவிரியன் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. தூக்கத்தில் கடிக்கும், வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது; விடிகாலையில் வயிற்று வலி வந்து, இமை தானாக மூடினால் உடனே ஓட வேண்டும். தரையில் படுக்கும் அம்மாவைக் கட்டிலுக்கு மாற்றி, கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடுகிறோம். அம்மாவும் இப்போது டார்ச்சும் செருப்பும் இல்லாமல் ராத்திரியில் வெளியே போவதில்லை.

பின்பக்கப் புதரை வெட்டிக் கொடுத்த தூய்மைக் காவலர்களுக்கும், தெருவிளக்கை அன்றே எரிய வைத்தவருக்கும் நன்றி.

அப்புறம் ஒன்று, அக்கா. பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளை வடநெம்மேலிக்குக் கூட்டிப் போகிறோம், விஷம் எடுப்பதை அவர்கள் பார்க்க வேண்டுமாம். வண்டியில் உங்களுக்கும் அண்ணனுக்கும் இடம் இருக்கிறது. அவசியம் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஏரிக்கரைத் தெரு, கடைசி வீட்டுக் குடும்பத்தார்
மதுராந்தகம் வட்டம்