செயலாளரின் ஆண்டறிக்கை: ஒரே புரதத்தோடு ஒரு வருடம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கை எப்படியும் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்துவிடும் என்பதால், இன்று வராதவர்களுக்கும் சேர்த்தே வணக்கம்.

நம் அறிவியல் வாசிப்புச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் நடந்தன. மாணவர்களுக்கான வினாடி வினா நடந்தது. வானம் பார்க்கும் இரவு மேகத்தால் ரத்தானது. நூலக அலமாரிக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று, எடுத்துப்போன புத்தகங்கள் திரும்பி வந்தால் பூட்டிவைக்கலாம்.

இனி முக்கியமான விஷயம். "வருடம் பூராவும் ஒரே புரதமா?" என்று சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்வி. உயிர்களில் ஆற்றல் எப்படிக் கைமாறுகிறது என்பதே இந்த ஆண்டின் பொருள் என்று போன பொதுக்குழுவில்தான் முடிவானது, தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம். அதைப் பேச வேண்டுமானால், செல்கள் ஆற்றலைக் கைமாற்றப் பயன்படுத்தும் ஏடிபி என்ற மூலக்கூறையும், அதைச் செய்யும் ஏடிபி சின்தேஸ் என்ற புரதத்தையும் தாண்டிப் போக முடியாது. அதை ஒரு கூட்டத்தில் முடித்திருக்கலாம் என்கிறவர்கள் அந்த ஒரு கூட்டத்துக்காவது வந்திருக்கலாம்.

உண்ட உணவு ஆற்றலாகிறது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். எப்படி என்று கேட்டால் 'எரிகிறது' என்று முடித்துவிடுகிறோம். நடப்பது எரிப்பது அல்ல. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களுக்குள் இரும்பு, செம்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று 1.4 நானோமீட்டருக்குள் இருக்கும்படி வரிசையாக அமைந்திருக்கின்றன, உணவிலிருந்து வந்த எலெக்ட்ரான் அவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக் கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கிறது. போகிற வழியில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு அந்தப் புரதங்கள் புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகின்றன. ஒரு ஜோடி எலெக்ட்ரான் முழுப் பாதையையும் கடந்தால் சுமார் 10 புரோட்டான். இதனால் சவ்வுக்குக் குறுக்கே உண்டாகும் மின்னழுத்தம் ஏறக்குறைய 0.15 வோல்ட்தான். இவ்வளவுதானா என்று ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர் ஐயா, கணக்குப் போட்டுப் பாருங்கள், மீட்டருக்கு 3 கோடி வோல்ட் வருகிறது!

இந்தப் புரோட்டான்கள் திரும்பி உள்ளே வரும்போதுதான் ஏடிபி உண்டாகிறது என்று 1961-இல் பீட்டர் மிட்செல் என்ற உயிர்வேதியியலாளர் சொன்னபோது துறையில் பலர் ஏற்கவில்லை. ஏடிபி உண்டாக இடையில் ஏதோ ஒரு வேதிப்பொருள் இருக்க வேண்டும் என்று அதைத் தேடிக்கொண்டே இருந்தார்கள், அது கிடைக்கவே இல்லை. அவர் பல்கலைக்கழகத்தை விட்டு வந்து, இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் சீர்செய்து, சக ஆய்வாளர் ஜெனிஃபர் மாய்லோடும் சில உதவியாளர்களோடும் வேலையைத் தொடர்ந்தார். 1974-இல் ராக்கர், ஸ்டோக்கேனியஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு செயற்கைச் சவ்வுக் குமிழியில் இரண்டே புரதங்களை வைத்தார்கள். ஒன்று உப்பு விரும்பும் நுண்ணுயிரியிலிருந்து எடுத்த, வெளிச்சம் பட்டால் புரோட்டானைத் தள்ளும் ஊதா நிறப் புரதம். மற்றொன்று மாட்டு இதயத்தின் ஏடிபி சின்தேஸ். விளக்கைப் போட்டதும் ஏடிபி வந்தது. இவை இரண்டுக்கும் பொதுவாக இருந்தது புரோட்டான் மட்டும்தான். 1978-இல் மிட்செலுக்கு நோபல் பரிசு.

அப்புறம்தான் ஏடிபி சின்தேஸுக்கு நாம் மரத்தில் செய்த மாதிரி. தள்ளிய புரோட்டான்கள் திரும்பி வரும்போது சின்தேஸின் அடிவளையத்தைச் சுழற்றுகின்றன, வளையத்தோடு நடுத்தண்டும் சுழல்கிறது, தண்டு கோணலாக இருப்பதால் அதைச் சுற்றியுள்ள மூன்று அறைகளின் வடிவமும் மாறி மாறித் திரிகிறது. ஓர் அறை திறந்திருக்கும்போது அடுத்தது பிடித்துக்கொள்ளும், மூன்றாவது இறுக்கும். இறுக்கிய அறைக்குள் ஏடிபி தானாகவே உருவாகிவிடுகிறது, ஆற்றல் பெரும்பாலும் செலவாவது அதை வெளியே விடுவதற்குத்தான் என்று கண்டவர் பால் போயர். (சந்தா விஷயத்திலும் இதே அனுபவம்தான் என்று பொருளாளர் சொல்லச் சொன்னார்.) 1994-இல் ஜான் வாக்கர் குழு அதன் படிக அமைப்பை வெளியிட்டபோது மூன்று அறைகளும் மூன்று விதமாகவே இருந்தன. 1997-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அதே ஆண்டு ஜப்பானில், தண்டின் நுனியில் ஆக்டின் என்ற புரதத்தின் ஒளிரும் இழையை ஒட்டி, அது சுழல்வதை நுண்ணோக்கியில் நேராகவே பார்த்துவிட்டார்கள்.

மாதிரியின் அடிவளையத்தில் 8 துண்டுகள் வைத்தோம், மாட்டு மைட்டோகாண்ட்ரியாவில் அப்படித்தான். ஈஸ்ட்டில் 10, பசலைக்கீரையின் பசுங்கணிகத்தில் 14. ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி. எட்டை மூன்றால் வகுத்தால் மீதி வருகிறதே, வண்டி எப்படி ஓடும் என்று ஒரு பள்ளி மாணவி கேட்டாள். இந்த வருடத்தின் நல்ல கேள்வி அதுதான். தண்டு விறைப்பானது அல்ல, கொஞ்சம் முறுக்கேறும், அந்த முறுக்கில் ஆற்றல் தங்கி அடுத்த அடிக்கு உதவும். நம் மாதிரியில் மரத்தண்டை எடுத்துவிட்டு ரப்பர் தண்டு போட்டோம், கையால் சுற்றினால் முதலில் முறுகி, பிறகு மேலே உள்ள அறை 'டக்'கென்று மாறுவது தெரியும். இதைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூத்த உறுப்பினர்கள் பலர், பெயர் சொல்ல விரும்பவில்லை, கூட்டம் முடிகிற நேரத்துக்கு மட்டும் சரியாக வந்தார்கள்.

வரவு செலவு: வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்த அளவு. மாதிரிக்கான மரமும் தச்சுக்கூலியும் 'இதர செலவினங்கள்' தலைப்பில் இருக்கின்றன, தணிக்கையாளர் பார்த்துவிட்டார். உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. நினைவூட்டல் அனுப்பினால் கும்பிடும் கைப்படம் மட்டும் பதிலாக வருகிறது.

கூடம் தந்தவர்களுக்கும், நாற்காலி போட்ட இளைஞர்களுக்கும், தலைவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, கைக்கு வந்த ஏடிபியை எப்படிச் செலவழிக்கிறோம் என்று பார்க்கலாம் என நினைத்திருந்தேன். தசையை இழுக்கும் மயோசின், செல்லுக்குள் ஓர் ஏடிபிக்கு 8 நானோமீட்டர் என்று அடியெடுத்து வைத்துச் சுமை தூக்கும் கினெசின், பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் புரோட்டான்களை வேண்டுமென்றே கசியவிட்டு உடம்பைச் சூடாக வைக்கும் புரதம். நினைத்திருந்தேன் என்றுதான் சொல்ல முடியும். செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்க முன்வந்தால் சாவியையும் தீர்மானப் புத்தகத்தையும் இன்றே ஒப்படைக்கத் தயார். முன்வராவிட்டால், சரி, கினெசினுக்கும் ஒரு மாதிரி செய்ய வேண்டும், அதற்கும் மரம் வேண்டும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், வெளியே போக வேறு வழி இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்