அக்காவின் கால்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் ரவிக்கு,

அம்மாவுக்கு அடுத்த மாதம் இதய ஒப்பரேஷன் என்று எழுதியிருந்தாய். கோணேசர் கோயிலில் அவவின் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

அக்கா இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தது உனக்குத் தெரியும். ரத்தம் கட்டக்கூடாது என்று தினமும் வயிற்றில் ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். ஏழாம் நாள், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை 2,40,000 இலிருந்து 85,000 ஆகிவிட்டது. பிளேட்லெட் என்றால் நமக்கு டெங்குதானே ஞாபகம் வரும்? பல் முரசில் ரத்தம் கசிகிறதா என்றே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் இடது கெண்டைக்கால் வீங்கித் தோல் பளபளத்தது. அழுத்தினால் குழி விழுந்தது. ஊசி குத்திய இடமொன்று கறுத்துப் போயிருந்தது.

இளம் டொக்டர் ஒருவர் படம் கீறி விளங்கப்படுத்தினார். பிளேட்லெட்டிலிருந்து வரும் ஒரு புரதத்தோடு ஹெப்பாரின் சேரும்போது, சிலருடைய உடம்பு அதை எதிரியாக எண்ணி எதிர்ப்புப் பொருளை உண்டாக்குமாம். அது பிளேட்லெட்டுகளை உசுப்பிவிட, அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். எண்ணிக்கை குறைவது அதனால்தான். ரத்தம் ஓடிவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருக்க, உள்ளே கட்டிக்கொண்டிருந்தது!

ஹெப்பாரினை நிறுத்தி, ரத்தம் கட்டாமலிருக்க வேறு வகை மருந்து தொடங்கினார்கள். நிறுத்தினால் மட்டும் போதாது, கட்டுவது தொடரும். ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசையும் பிளேட்லெட் ஏறிய பிறகுதான். அப்படியிருந்தும் ஒரு தாதி, அக்காவின் கையில் ஏற்றியிருந்த ஊசிக்குழாயைக் கழுவ ஹெப்பாரின் கலந்த சேலைனோடு வந்தார். நான்தான் மறித்தேன். அந்தச் சொட்டும் கூடாது.

சரி, அம்மாவின் விஷயம். இதய ஒப்பரேஷனில் ஹெப்பாரின் நிறையக் கொடுப்பார்கள், அது தேவையும்கூட. பயந்து மறுத்துவிடாதே, இந்த எதிர்வினை அபூர்வம். முதல் இரண்டு மூன்று நாள் பிளேட்லெட் குறைவது வழமை. ஏறிவந்த பிறகு, 5 முதல் 10 நாளுக்குள் மறுபடி பாதியாக விழுந்தால் உடனே கேள். அஞ்சியோகிராம் எப்போது செய்தார்கள்? அப்போதோ கடந்த மூன்று மாதத்துக்குள் வேறெப்போதோ ஹெப்பாரின் ஏறியிருந்தால், ஒரே நாளிலும் விழலாம். டொக்டரிடம் அதை முதலே சொல்லிவிடு. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று வாரம் கால் வீக்கம், நெஞ்சுநோ, மூச்சுத்திணறல் ஏதும் வருகிறதா என்று பார்.

அக்கா இப்போது பின்னேரங்களில் டச்சுக் குடா கரையில் மெல்ல நடக்கிறா. பேர்ஸில் ‘ஹெப்பாரின் கூடாது’ என்று சிவப்பில் எழுதிய அட்டை இருக்கிறது. அம்மாவின் ரிப்போர்ட் எண்களை ஒவ்வொரு நாளும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
குமார்