சின்னக் கல்லை எடுக்க வேண்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் ஜோசப் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் இங்கு நலம். அங்கு தாங்களும் அம்மாவும், தம்பி அருளும், அத்தை வீட்டாரும் நலமாயிருக்க மன்றாடுகிறேன்.

தங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. குடும்பக் கல்லறையை இடித்துவிட்டுக் கிரானைட்டில் கட்ட அருள் ஏற்பாடு செய்வதையும், அதனால் ஸ்டெல்லா அத்தை வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டதையும் படித்தேன். கல்லறையைப் பற்றிப் பேச அண்ணனுக்கு என்ன தெரியும் என்று அருள் கேட்பான். ஆகையால் என் ஞாயிற்றுக்கிழமைகள் இங்கிலாந்தில் எப்படிக் கழிகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். வாரம் முழுவதும் தலையசைப்பதோடு சரி. ஞாயிறு காலையில் மட்டும், எவ்வளவு குளிரானாலும், காரை வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருந்து தங்கள் முன்னோரைத் தேடுகிறவர்களுக்காக, பழைய கல்லறைத் தோட்டங்களுக்குப் போய்க் கல்வெட்டுகளைப் படமெடுத்து அனுப்புவது அவருடைய பொழுதுபோக்கு. இதற்குக் காசு வாங்குவதில்லை. வடக்கு நோக்கிய கல்லில் வெயில் சரியாகப் படாது என்பதால், நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்று, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவேன். ஒன்றுமே இல்லாத கல்போல் தெரிவதில், பள்ளங்களில் நிழல் விழுந்து, பெயரும் ஆண்டும் மெல்ல எழுந்து வரும். எழுத்து தெரிவதற்காக யாராவது சுண்ணக்கட்டியைத் தேய்த்திருந்தால் பெரியவருக்குக் கோபம் வந்துவிடும். கம்பித் தூரிகையையும் பிளீச்சிங் பவுடரையும் கல்லின் அருகிலேயே விடமாட்டார். வெறும் தண்ணீர், மெத்தென்ற தூரிகை, அவ்வளவுதான்.

கல்லில் இருப்பதை அவர் அப்படியே நம்புவதுமில்லை. கல் பல ஆண்டுகள் கழித்து நடப்பட்டிருக்கலாம், சொன்னவருக்கு வயது மறந்திருக்கலாம் என்பார். இந்நாட்டில் கோயில்களின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள் 1538இலும் அரசாங்கத்தின் பிறப்பு இறப்புப் பதிவு 1837இலும் தொடங்கிவிட்டதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஆனாலும் பதிவேட்டில் இல்லாத ஒன்று கல்லில் இருக்கிறது: யார் யாருடைய பக்கத்தில் இருக்கிறார்கள் என்பது. உறவைக் கண்டுபிடிக்க அதுதான் பலமுறை உதவுகிறது.

ஒருமுறை புரூக்வுட் என்ற பெரிய கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். 1854இல் திறந்தது. லண்டன் வாட்டர்லூவிலிருந்து 1941 வரை அதற்கென்றே தனி ரயில் ஓடியதாம். சவப்பெட்டிக்கும் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்று டிக்கெட் இருந்தது, போக மட்டும். தாங்கள் சிரிப்பீர்கள் என்று அப்போதே நினைத்தேன். ஜம்ஷெட்ஜி டாட்டாவின் சமாதியும் அங்கே பார்சிகளின் பகுதியில்தான் இருக்கிறது.

தனியாக இருக்கிறேனே என்று அம்மா வருந்த வேண்டாம். இப்போது ஓவர்டைம் அதிகம் இல்லை. அதுவும் நல்லதற்கே, நன்றாகத் தூங்குகிறேன். கல்லறைத் திருநாளன்று மட்டும் வேலை முடிந்து மெழுகுவர்த்தியோடு போனேன், வாயிலைப் பூட்டிவிட்டிருந்தார்கள். பிறகு ஒரு ஞாயிறு, கிராமத்துக் கோயில் ஒன்றின் மதிலோரக் கல்லில் ‘மெட்ராஸில் பிறந்தவள்’ என்று படித்தேன். அந்தப் பெண்ணை இந்தக் குளிரில் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டார்களே என்று தோன்றியது. பெரியவர் கூப்பிட்டது காதில் விழவில்லை. உங்கள் எல்லோரையும் பார்க்க வேண்டும் போலிருந்தது, அப்பா.

அருளிடம் சொல்ல வேண்டியது இதுதான். பெரிய கல்லறையை ஒட்டியிருக்கும் சின்னக் கல்லை எடுக்கவே கூடாது. எழுத்தில்லாத கல்தானே என்று அவன் நினைக்கலாம். அத்தைக்கு முன்னால் பிறந்து குழந்தையிலேயே இறந்த பெரியப்பாவுக்கு இந்த உலகில் வேறு அடையாளம் எதுவும் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அவர் அதற்கு வெகுகாலம் முந்தியவர். இங்கே குழந்தையின் கல்லென்று காட்ட ஓர் ஆட்டுக்குட்டியைச் செதுக்கி வைப்பார்கள். நம் வீட்டில் அத்தையின் நினைவு ஒன்றுதான் சாட்சி. அவர் கோபிப்பது நியாயமே.

உண்மையில் எழுத்து இல்லையா என்பதே எனக்குச் சந்தேகம். ஆண்டுதோறும் அடித்த சுண்ணாம்பு எழுத்துகளை அடைத்திருக்கக்கூடும். கொத்தனாரைச் சுரண்ட விடாமல், தண்ணீர் விட்டுக் கழுவி, இருட்டிய பிறகு போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, நாலு பக்கமிருந்தும் அருள் படமெடுத்து அனுப்பட்டும். பெரிய கல்லறைக்கும் அப்படியே. தாங்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லி, அடக்கப் பதிவேட்டில் தாத்தா பெயருக்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களைப் பார்த்து வாருங்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள்; அருள் போய் அழைப்பதைவிடத் தாங்கள் அழைத்தால் வருவார்.

கிரானைட்டுக்கு என் பங்கை ஈஸ்டருக்குப் பிறகு அனுப்பினால் போதுமா? இடிக்காமல் பழுதுபார்த்தால் செலவும் குறையும் என்பதை அருளுக்குச் சொல்லுங்கள். முன்பணம் கொடுக்கும் முன்பு அவன் எனக்குப் போன் செய்யட்டும்.

தங்கள் அன்பு மகன்,
ஜோசப்