மரக்காணம்: கூடம் வேண்டாம், சேற்றைக் காட்டுங்கள்

ஐயா,

மரக்காணத்தில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமைக்கும் அரசின் அறிவிப்பை வரவேற்கிறேன். அதன் அருகிலுள்ள கழுவெளி ஈரநிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமானது. 2024-இல் உலகளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் தலப் பட்டியலிலும் சேர்ந்தது.

மையம் என்றாலே நம் ஊரில் குளிரூட்டிய கூடம், சிமென்ட் பூநாரை, அதன் முன் செல்பி என்று முடிந்துவிடுகிறது. கழுவெளியில் காட்ட வேண்டியது சேற்றை. இடையந்திட்டு முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறிவருகிறது. மறுபக்கம் மழைநீர் வந்து சேர்கிறது. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இந்தச் சேற்றில் ஒரு கைப்பிடி அள்ளித் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடியைக் கொடுங்கள். புழுவும் குட்டி நத்தையும் கண்ணில் பட்டதும், கருவால் மூக்கன் என்ற பறவைக்கு அவ்வளவு நீளமான அலகு எதற்கு என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

அலுவலக நேரப்படி பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் வெயிலைத்தான் பார்க்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரையாவது காலை ஆறு மணிக்கே திறக்க வேண்டும். மறைந்திருந்து பார்க்கும் குடிலில் சிறுவர் உயரத்திலும் சாளரம் வேண்டும் (பல இடங்களில் அப்பாக்களுக்குத் தோள்வலிதான் மிச்சம்). இரவு விளக்குகள் நீர்ப்பரப்பின் பக்கம் திரும்பவே கூடாது.

வழிகாட்டிகளை வெளியூரில் தேட வேண்டாம். அங்கே மீனும் இறாலும் பிடிப்பவர்களுக்குப் பயிற்சி தந்து, மாதச் சம்பளத்தில் நியமியுங்கள். பெயர்ப்பலகைகளில் அவர்கள் வழங்கும் பறவைப் பெயர்களும் இடம்பெறட்டும்.

— ஒரு வாசகர், திண்டிவனம்