ஹெக்கலின் படமும் கருவின் சான்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மனிதக் கருவளர்ச்சியும் பரிணாமமும் பற்றிய தங்கள் கட்டுரை, ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1874-இல் வெளியிட்ட, பல விலங்குகளின் கருக்களை ஒப்பிடும் படங்களின் பிழையைச் சரியாகவே சுட்டியிருந்தது. கருக்களின் ஒற்றுமையை அவர் மிகைப்படுத்தி வரைந்ததை, 1997-இல் கருவியலாளர் மைக்கேல் ரிச்சர்ட்சன் குழுவினர் உண்மைக் கருக்களின் புகைப்படங்களோடு ஒப்பிட்டுக் காட்டினர். ஆனால், படம் பிழை என்பதால் பரிணாமத்துக்குக் கருவியல் தரும் சான்றே பொய் என்று சிலர் பேசுவதை ஏற்க முடியாது. மனிதக் கரு எந்தக் கட்டத்திலும் மீனாக இருப்பதில்லை. அதன் கழுத்துப் பகுதியில் தோன்றுபவை செவுள்களும் அல்ல. அவை தொண்டை வளைவுகள் எனப்படும் வரிசையான மேடுகள். மீனில் தாடையாகவும் செவுளைத் தாங்கும் பகுதிகளாகவும் ஆகும் அதே வளைவுகளின் வரிசை, நம்மில் தாடையாகவும் நடுச்செவியின் சிற்றெலும்புகளாகவும் குரல்வளைக் குருத்தெலும்புகளாகவும் உருமாறுகிறது. பொது மூதாதை என்ற விளக்கத்துக்கு வலுவூட்டுவது இந்த உருமாற்றமே.

உயிரியல் ஆசிரியராக இருந்தபோது, அடைவைத்த மூன்றாம் நாள் கோழி முட்டையை மாணவர்கள் முன் உடைத்துக் காட்டியிருக்கிறேன். மஞ்சள் கருவின் மேல் கடுகளவு சிவப்புப் புள்ளியாக இதயம் துடிக்கும். உருப்பெருக்கியில் அந்தத் தொண்டை வளைவுகளும் தெரியும். பார்த்த பிள்ளைகளிடமிருந்து வந்த கேள்விகள், எந்தப் படத்தாலும் வந்ததில்லை. எனவே, ஹெக்கல் பாணிப் படங்கள் எஞ்சியுள்ள பாடநூல்களில் அவற்றை நீக்கி, உண்மைக் கருக்களின் புகைப்படங்களைச் சேர்க்க வேண்டும். அந்தப் பழைய பிழை எவ்வாறு திருத்தப்பட்டது என்பதையும் ஒரு பத்தியில் சொல்லலாம்.

– ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்